வீங்கிய கையை அழுத்தித் தேய்க்கலாமா?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்கிறார்: “அம்மாவுக்கு ஜிப்மரில் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனது. வலது அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து இப்போது அந்தக் கை வீங்குகிறது. முந்திரி உடைக்கும் வேலைக்கும் போகிறார். ஊரில் எண்ணெய் போட்டு உருவிவிடுபவரிடம் காட்டலாமா, நானே மசாஜ் செய்யலாமா?”

உருவிவிடுபவர் வேண்டாம். நீங்களே செய்யலாம், ஆனால் முதலில் டாக்டர் பார்க்கவேண்டும். புதிதாக வரும் வீக்கத்துக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததோ, நோய் திரும்பியதோ காரணமில்லை என்று உறுதியாகட்டும். பழைய ஃபைலோடு போங்கள், அப்படியே பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அக்குள் நெறிகள் போனதால் நிணநீர், அதாவது உடல் திசுக்களில் ஊறும் நீர், வடியும் வழி குறுகிவிட்டது. டென்மார்க்கின் வோடர் தம்பதி 1930களில் உருவாக்கிய மசாஜ் அதை வேறு வழிக்குத் திருப்புகிறது. அந்த நீரை எடுத்துப்போகும் நுண்குழாய்கள் தோலுக்கு நேர் அடியில் இருப்பதால் பலம் தேவையே இல்லை. உள்ளங்கையைப் படியவைத்து, தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெல்ல இழுத்து விடுங்கள். அது தானாகத் திரும்பும். தோல் சிவந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். எண்ணெய் போட்டால் கை வழுக்குமே தவிர தோல் நகராது.

எல்லாரும் வீங்கிய கையில்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கவேண்டிய இடம் கழுத்து, காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி. அடுத்து நல்ல பக்கமான இடது அக்குள். அப்புறம் மார்பின் குறுக்கே வலமிருந்து இடமாக. அதற்குப் பிறகுதான் வலது மேல்கை, முன்கை, கடைசியில் விரல்கள். கையில் எங்கே தொட்டாலும் தோளை நோக்கியே நகர்த்துங்கள். மேலே இடம் காலியாகாமல் கீழிருந்து தள்ளினால் நீர் எங்கே போகும்? கதிர்வீச்சில் புண்ணான தோலைத் தொடாதீர்கள். ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் கைவைத்துக் காட்டிவிட்டால் இதெல்லாம் சுலபம்.

மசாஜ் மட்டும் செய்தால் இறங்கிய வீக்கம் திரும்ப ஏறிவிடும். முதலில் பயிற்சி பெற்றவர் போடும் கட்டு, பிறகு பகலில் அளவெடுத்து வாங்கிய ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை). கடலூர் வெயிலில் கசகசக்கும்தான், வேறு வழியில்லை. வீட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள்; மேலே இறுகினால் புறங்கை பொங்கிவிடும்.

மசாஜைவிட எனக்குக் கவலை முந்திரிதான். ஓட்டு எண்ணெய் தோலைப் பொசுக்கும், அந்தப் புண் வழியாகக் கிருமி ஏறும். இப்போதைக்கு அம்மா பருப்பு தரம் பிரிக்கும் வேலைக்கு மாறமுடியுமா பாருங்கள். முடியாவிட்டால் கையுறை கட்டாயம். கை சிவந்து சுட்டாலோ காய்ச்சல் வந்தாலோ மசாஜை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.