பௌத்தம் வந்ததால்தான் மங்கோலியர்கள் வீரம் இழந்தார்களா?

"உலகையே நடுங்க வைத்த மங்கோலியர்கள் புத்த மதத்துக்கு மாறினார்கள், சாதுவானார்கள், சீனப் பேரரசிடம் வீழ்ந்தார்கள்" என்று ஒரு காணொளியில் பார்த்ததாகவும், அது உண்மையா, அதற்கு முன் அவர்களுக்கு மதம் என்று ஏதாவது இருந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அசோகரைப் பற்றியும் நம் ஊரில் இப்படி ஒரு கதை ஓடுகிறது, அதனால் சட்டென்று நம்பத் தோன்றும். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை நிற்காது.

செங்கிஸ் கான் காலத்தில் அவர்கள் கும்பிட்டது வானத்தை. தெங்கிரி என்பார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் அடுப்பு நெருப்புக்கும் ஆவி உண்டு. அவற்றோடு பேசச் சாமியாடி உண்டு, ஆணும் பெண்ணுமாக. கூடாரத்துக்குள் கம்பளியில் செய்த சின்னப் பொம்மைகளை வைத்திருப்பார்கள். வீட்டுத் தெய்வம். சாப்பிடும் முன் கொழுப்பை எடுத்து அதன் வாயில் தடவுவார்களாம். நேரில் பார்த்த ஐரோப்பியப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே சமயம் கெரெயித், நைமன் இனக்குழுக்களில் நெஸ்தோரியர் என்ற கிழக்கத்தியப் பிரிவுக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். செங்கிஸின் பேரனும் பின்னால் சீனாவை ஆண்டவருமான குப்லாய் கானின் அம்மா சோர்காக்தானி அவர்களில் ஒருவர். 1254இல் தலைநகர் காரகோரத்தில் குப்லாயின் அண்ணன் மோங்கே கான் கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் மூன்று தரப்பையும் உட்கார வைத்து வாதம் செய்யச் சொன்னார். அங்கே வாதிட்ட ரூப்ருக் என்ற ஐரோப்பியப் பாதிரியாரே அதன் முடிவையும் எழுதியிருக்கிறார்: யாரும் மதம் மாறவில்லை, எல்லாரும் நன்றாகக் குடித்தார்கள். எந்தச் சாமி பலிக்குமோ தெரியாது, எல்லாரும் நமக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்பதே கான்களின் கணக்கு. பெரும்பாலான மதங்களின் குருமார்களுக்கு வரி கிடையாது.

குப்லாய் திபெத்திய லாமா பக்பாவைக் குருவாக ஏற்றார். ஆனால் அந்தப் பௌத்தம் பெரும்பாலும் அரண்மனையோடு நின்றது. 1368இல் சீனாவைப் பறிகொடுத்து மங்கோலியர்கள் புல்வெளிக்குத் திரும்பியபோது சாமியாடிகள் பழையபடியே இருந்தார்கள். இங்கேயே கவனியுங்கள்: பேரரசு போய்விட்டது, மக்கள் இன்னும் பௌத்தர்களாகவே இல்லை.

மக்கள் மாறியதற்கு வழி திறந்தது அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, அல்தான் கான் காலத்தில். இவர் 1550இல் பெய்ஜிங் மதில் வரைக்கும் போய் முற்றுகையிட்டவர். படை இருந்தது, குதிரை இருந்தது, ஒரே குறை: மகாகான் பட்டம் மூத்த கிளையிடம் இருந்தது, இவர் இளைய கிளை. 1578இல் கோகோநோர் ஏரிப் பகுதியில் சோனம் கியாட்சோ என்ற திபெத்திய லாமாவைச் சந்தித்தார். "நீங்கள் குப்லாயின் மறுபிறவி, நான் பக்பாவின் மறுபிறவி" என்று ஏற்பாடானது. கான் அவருக்குத் தலாய் லாமா என்று பட்டம் கொடுத்தார். ஆம், அந்தப் பட்டமே ஒரு மங்கோலிய அரசர் கொடுத்ததுதான். அடுத்த தலாய் லாமா எங்கே பிறந்தார் தெரியுமா? அல்தான் கானின் சொந்தக் குடும்பத்தில், கொள்ளுப்பேரனாக! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் சட்டம் வந்தது. கம்பளிப் பொம்மைகளை எரிக்க வேண்டும், அந்த இடத்தில் பௌத்தக் காவல் தெய்வமான மகாகாலர் படத்தை வைக்க வேண்டும். செத்தவரோடு மனைவி, அடிமை, குதிரைகளைப் பலியிடுவதும் நின்றது. பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கு மங்கோலியர்களிடையே பௌத்த மந்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்குக் குதிரையும் மாடும் பரிசாகக் கொடுத்தார்கள்.

சரி, சாதுவானார்களா? சீனாவின் மிங் அரசோடு அல்தான் கான் சமாதானம் செய்துகொண்டது 1571இல், லாமாவைச் சந்திப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு. அவருக்கு வேண்டியிருந்தது சந்தை, வியாபாரம். 1642இல் கூஷி கான் என்ற மங்கோலியர் ஐந்தாம் தலாய் லாமாவுக்காகத் திபெத்தையே போரிட்டுப் பிடித்துக் கொடுத்தார். ஜுங்கார் என்ற மேற்கு மங்கோலியர்களின் அரசர் கல்தான் இன்னும் ஒரு படி மேல். திபெத்தில் லாமாவாகப் படித்தவர். அண்ணன் கொலையானதும் காவியைக் கழற்றிவிட்டு வந்து மத்திய ஆசியாவைக் கலக்கினார். 1814இல் ரஷ்யப் படையோடு பாரிசுக்குள் குதிரையில் நுழைந்த, ரஷ்யாவில் குடியேறிய கல்மிக்குகளும் பௌத்த மங்கோலியர்கள்தாம்.

அவர்களை வீழ்த்தியவை வேறு: பீரங்கி, உள்சண்டை, இரண்டு பக்கமும் நெருக்கிய ரஷ்யப் பேரரசு, மிங்குக்குப் பின் சீனாவை ஆண்ட மஞ்சு பேரரசு. 1688இல் கல்தான் தாக்கியதால்தான் கல்கா என்ற வடக்கு மங்கோலியர்கள் 1691இல் மஞ்சு பேரரசரிடம் தஞ்சம் புகுந்தார்கள். பௌத்தரை அடித்தவரும் பௌத்தர். 1750களில் மஞ்சு படையும் அம்மையும் சேர்ந்து ஜுங்கார்களை ஏறக்குறைய துடைத்தே விட்டன.

காணொளிக்காரர் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. மஞ்சு அரசர்கள் மடங்களுக்கு வாரி வழங்கினார்கள், அதில் அரசியல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் லாமாக்கள் என்கிறார்கள். அது நாட்டின் வளர்ச்சியைப் பாதித்திருக்கலாம். ஆனால் அது தோல்விக்குப் பின் வந்த நிலைமை, தோல்விக்குக் காரணம் இல்லை.

இப்போதைய நிலை: 1937 முதல் 1939 வரை கம்யூனிஸ்ட் தலைவர் சோய்பால்சான் ஆட்சியில் நூற்றுக்கணக்கான மடங்களை இடித்தார்கள், ஆயிரக்கணக்கான லாமாக்களைச் சுட்டார்கள். 1990இல் ஜனநாயகம் வந்தபோது இந்தியா அங்கே தூதராக அனுப்பியிருந்தது லடாக்கைச் சேர்ந்த குஷோக் பகுலா ரின்போச்சேயை. அவரே ஒரு லாமா. பத்தாண்டுகள் அங்கேயே இருந்து மடங்களைத் திறக்க உதவினார், தலைநகர் உலான்பாத்தரில் சொந்தமாக ஒரு மடமும் கட்டினார். இன்று மங்கோலியாவில் பாதிப் பேர் தங்களைப் பௌத்தர் என்கிறார்கள். மேற்கே பயான் ஒல்கீ பக்கம் கசாக் முஸ்லிம்கள் அதிகம். சாமியாடிகளும் திரும்பி வந்துவிட்டார்கள். மலைக்கணவாயில் ஆவிகளுக்காகக் குவித்த கற்குவியல்களைப் பார்த்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி மூன்று முறை சுற்றிவந்து கல் போடுவார். அவசரம் என்றால் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.