கார் இல்லாமல் நெல்லையைச் சுற்றிப்பார்க்க முடியுமா?

கேள்வி: வேலை மாற்றலாகித் தென்காசிக்கு வந்திருக்கிறேன். சொந்த வண்டி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி போய், டவுன் பஸ்ஸிலேயே ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்ப முடியுமா? ஆபீஸில் எல்லாரும் கார் பிடிக்கத்தான் சொல்கிறார்கள்.

பதில்:

தாராளமாக முடியும். காரில் போவதை விட நன்றாகவே பார்க்கலாம். "பாசஞ்சர்லயா போறீங்க?" என்று யாரோ உங்களை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம். கல்லிடைக்குறிச்சியில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஸ்கூட்டர்தான். நெல்லைக்கு எதற்குப் போனாலும் செங்கோட்டை பாசஞ்சர்தான். மீட்டர்கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டபோது வண்டியே இல்லாமல் கிடந்தோம். 2012-ல் திரும்ப ஓட ஆரம்பித்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

போன கோடை லீவில் பெங்களூரிலிருந்து மதினியும் அண்ணாச்சியும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நெல்லையப்பர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார்கள். காலை வண்டிக்குப் போய்விடலாம் என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "இந்த வெயில்ல பிள்ளைகளை வச்சுக்கிட்டு ரயிலு, பஸ்ஸுன்னு அலையவா? நான் காரு சொல்லிட்டேன்" என்றார். சரி, அவர் காசு, அவர் இஷ்டம். ஆனால் பிள்ளைகள் இரண்டும் "அத்தைகூட ரயில்லதான் வருவோம்" என்று ஒற்றைக்காலில் நின்றன. அதுகள் மெட்ரோவைத்தான் பார்த்திருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று அடிக்கிற ரயில் அதுகளுக்குப் புதுசு. (கையை நீட்ட விடவில்லை, யாரும் பதற வேண்டாம்.)

நீங்கள் தென்காசியில் ஏறுவதால் உங்களுக்கு எங்களை விட யோகம். வலது பக்கத்து ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் வரைக்கும் பொதிகை மலை கூடவே வரும். அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் தாமிரபரணிப் பாலம். அப்புறம் வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டினால் மலை பின்வாங்கிவிடும், வயலும் வாழையும்தான். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரையெல்லாம் ஸ்பெஷல், எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. அந்த முப்பது ரூபாய்க் காலத்தில் பேட்டைக்குக் கீரைக்கட்டு கொண்டு போகிற ஆச்சிமார் எத்தனை பேர் ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள் என்று கார்க்காரர்களுக்குத் தெரியாது.

நெல்லை ஒரே ஊர் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஜங்ஷன், மேற்கே கோயில் இருக்கிற டவுன், கிழக்கே ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டை. இந்த மூன்றையும் டவுன் பஸ் நாள் முழுக்கக் கோத்துக்கொண்டே இருக்கும். ஜங்ஷன் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் பஸ் கிடைக்கும். டவுனுக்குப் போகிற பஸ் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி, எஸ்.என். ஹைரோடு வழியாக டவுன் நுழைவில் இருக்கிற ஆர்ச்சுக்குப் போகும். மேல் தட்டில் பஸ், கீழ்த் தட்டில் சைக்கிளும் பைக்கும் போவதைப் பார்த்துவிட்டு சின்னவன் அதே பாலத்தில் இன்னொரு தடவை போகணும் என்று அடம்பிடித்தான். கோயில் மட்டும் போதும் என்றால் ஜங்ஷனுக்கு முன்னாடியே டவுன் ஸ்டேஷனில் இறங்கலாம். ஆனால் பஸ் வசதிக்கு ஜங்ஷன்தான் நல்லது.

கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும். அதனால் முதல் வேலையாகக் கோயிலைப் பாருங்கள். சுவாமி சன்னதிக்கு முன்னால் மணிமண்டபத்தில் இசைத்தூண்கள் இருக்கின்றன. நடராஜரின் ஐந்து சபைகளில் தாமிரசபை இங்கேதான். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்பாள் கோயிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபத்தை 1647-ல் வடமலையப்ப பிள்ளை கட்டினார். பிள்ளைகளும் நானும் இதெல்லாம் ஆற அமரப் பார்த்து முடித்து, அந்த மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து போன். கார் ரதவீதிக்குள் நுழைய முடியாமல் வாகையடி முக்குப் பக்கம் நிற்கிறதாம். நிறுத்த இடம் தேடி டிரைவர் சுற்றிக்கொண்டிருக்கிறாராம். இரண்டு பேரும் வெயிலில் நடந்து வந்து, நடை சாத்துகிற நேரத்துக்கு அவசர அவசரமாக அம்பாளைக் கும்பிட்டார்கள். வெளியே வந்தால் டிரைவர் போனை எடுக்கவில்லை. பாவம், அவரும் சாப்பிடப் போயிருப்பார்.

நான் ஒன்றும் பேசவில்லை. "அண்ணாச்சி, பாளை பஸ் வருது, ஏறுங்க" என்றேன். ஏறிவிட்டார்.

பஸ்ஸில் மதினிக்கும் எனக்கும் டிக்கெட் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்திலும் 2023 ஜூனில் இப்படிக் கொண்டுவந்தார்கள், ஆனால் அங்கே அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று மதினி சொன்னார். இங்கே அதுகூட வேண்டாம். உடனே கீழே வந்து "ஓசி பஸ்ஸில் போகிறவர்கள் பேசக்கூடாது" என்று கருத்து எழுதக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன், பிள்ளைகளுக்கும் எடுத்தேன். உங்கள் கார் நிற்கிற ரோடும் யாரோ வரி கட்டிப் போட்டதுதான். பஸ் தாமிரபரணியைக் கடக்கிற சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல் அவர் சொந்தப் பணத்தில் கட்டியது. அதைத்தான் நாம் எல்லாரும் இன்றைக்கும் ஓசியில் கடக்கிறோம்.

பாலம் முடிந்ததும் கொக்கிரகுளம். அங்கே மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, 1987-ல் திறந்தது. பிள்ளைகள் கூட இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. தனியாகப் போகிறீர்கள் என்றால் பாளைக்கே போய் கிறிஸ்தவராக மாறிய பிராமண விதவை குளோரிந்தா 1785-ல் கட்டிய சின்ன தேவாலயத்தைப் பாருங்கள். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று கேட்டால் வழி சொல்வார்கள். அப்படியே பழைய கல்லூரிகள் இருக்கிற தெருக்களில் ஒரு நடை போடலாம்.

அல்வாவைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். கீழ ரதவீதியில் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை பெரிசாக இருக்கும். நீங்கள் பிடிக்க வேண்டிய மாலை வண்டிக்கும் அதற்கும் இடைவெளி கொஞ்சம்தான், கணக்குப் போட்டு நில்லுங்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் நெல்லைக்குப் போகிறேன் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் போடுவார்கள். "ஒரு கிலோ வாங்கிட்டு வா, காசு தந்துருதேன்" என்பார்கள். தந்ததில்லை. கேட்டால் "அல்வாவுக்குப் போயி கணக்குப் பாக்கா" என்று கல்யாண வீட்டில் வைத்துப் பேசுவார்கள். வாங்கிக் கொடுக்காவிட்டால் அதற்கும் பேச்சு. நெய் வடிகிற பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சேரன்மகாதேவி வரை நின்று வந்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நீங்கள் வேலைக்கு வந்த இடத்தில் புதுசு, ஆபீஸில் சொல்லாமல் போய்விட்டு வாருங்கள்.

கார் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏற்றி இறக்குவது பாவம், காரே நல்லது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் ஆறு பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயிலே தண்ணீருக்குள் போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியெல்லாம் அடித்துக்கொண்டு போய், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் பயணிகளோடு நாள் கணக்கில் நின்றது ஞாபகம் இருக்கும். மழை எச்சரிக்கை இருக்கிற வாரத்தில் வேண்டாம்.

வண்டி நேரத்தை முந்தின நாள் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், ஒன்றை விட்டால் அடுத்தது உடனே வராது. மாலை வண்டியை விட்டுவிட்டாலும் பயமில்லை. ஜங்ஷனிலிருந்து வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் பிடித்தால் அங்கே தென்காசி பஸ் நிற்கும். ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியா என்று கேட்டு ஏறுங்கள். அவசரத்தில் பாபநாசம் பஸ்ஸில் ஏறிவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து இறங்கி, அங்கிருந்து மறுபடி தென்காசிக்கு பஸ் தேட வேண்டியிருக்கும்.