கம்பைலர் தரும் அசெம்பிளியை பேட்டர்ன் வைத்துச் சோதிப்பது வீண் வேலையா? நிரலை ஓட்டி விடையைப் பார்த்தால் போதாதா?

போதாது. வீண் வேலையும் இல்லை. (கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைச் சில்லுக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். அந்தக் கட்டளைகளை எழுத்தில் காட்டும் வடிவம் அசெம்பிளி. அதில் குறிப்பிட்ட எழுத்துத் தொடர் இருக்கிறதா என்று தேடுவதுதான் பேட்டர்ன் வைத்துச் சோதிப்பது.)

கேள்வியை வைத்து ஊகிக்கிறேன். நீங்கள் அண்மையில்தான் ஒரு கம்பைலர் குழுவில் சேர்ந்திருக்கிறீர்கள். நிரலை விரைவாக ஓடவைக்கும் பெரிய பெரிய ஆப்டிமைசேஷன்களை எழுதலாம் என்று போனவரிடம் சோதனைக் கோப்புகளைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். "விடை சரியாக வருகிறதே, அசெம்பிளி எப்படி இருந்தால் என்ன?" என்று மனம் கேட்கிறது. தவறாக ஊகித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை என் குழுத் தலைவரிடம் நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் பிறகு ஒரு வாடிக்கையாளரின் கோபமாக வந்து சேர்ந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. கம்பைலர்கள் கட்டப் பயன்படும் எல்எல்விஎம் திட்டத்தில் ஃபைல்செக் என்று ஒரு சிறிய கருவி உண்டு. 2009-இல் வந்தது. அதற்கு முன் கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளையை வைத்தே சமாளித்தார்கள். சோதனைக் கோப்புக்குள் குறிப்பு வரிகளாக 'செக்:' என்று தொடங்கி, எந்தக் கட்டளை வர வேண்டும் என்று எழுதி வைப்போம். கம்பைலர் தரும் அசெம்பிளியில் அவற்றை மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் ஃபைல்செக் தேடும். 'செக்-நெக்ஸ்ட்' என்றால் சரியாக அடுத்த வரியில் இருக்க வேண்டும். 'செக்-நாட்' என்றால் இருக்கவே கூடாது. 'செக்-லேபிள்' ஒரு ஃபங்ஷனின் தேடல் அடுத்த ஃபங்ஷனுக்குள் போய்விடாதபடி வேலி போடும். ரஸ்ட் மொழியின் கம்பைலரும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறது. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் 'ஸ்கேன்-அசெம்பிளர்' என்ற பெயரில் இதே வேலை நடக்கிறது.

இனி என் கதை. நான் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தேன். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில், ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பில் அமைந்த சில்லு ஒன்றுக்கான கம்பைலரில் வேலை. வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் போய் வருவேன், மற்ற நாள்களில் வீட்டு மாடி அறை.

அந்தச் சில்லில் வகுத்தல் மெதுவானது. பெருக்கல் மிக விரைவு. அதனால் 10 போல நிரலிலேயே எழுதிவைத்த ஒரு மாறிலியால் வகுக்கச் சொன்னால், நல்ல கம்பைலர் வகுக்காது, பெருக்கும். 32 பிட் குறியற்ற (எதிர்மறை அல்லாத) எண் ஒன்றை 3435973837 என்ற எண்ணால் பெருக்குங்கள். வரும் 64 பிட் விடையின் மேல்பாதியை எடுத்து 3 பிட் வலப்பக்கம் தள்ளுங்கள். 10-ஆல் வகுத்தால் வரும் ஈவு அப்படியே நிற்கும், ஓர் எண்ணுக்குக்கூடப் பிசகாது. முதன்முதலாக இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ரிஸ்க்-ஃபைவில் மேல்பாதியை எடுக்க 'மல்ஹெச்யூ' என்ற ஒரே கட்டளை போதும். வகுத்தலுக்கு 'டிவ்யூ'.

இதற்கான சோதனையை எழுதும் வேலை எனக்கு வந்தது. இரண்டு எண்களை வாங்கி, இரண்டையும் தனித்தனியே 10-ஆல் வகுத்துக் கூட்டும் சிறிய ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். அதன் கீழ் நான்கு வரிகள். முதலில் ஃபங்ஷனின் லேபிள், அதாவது அதன் பெயர் வரி. அடுத்து 'மல்ஹெச்யூ' இருக்க வேண்டும். அடுத்து 'டிவ்' இருக்கக் கூடாது. கடைசியில் 'ரெட்', ஃபங்ஷன் முடிந்து திரும்பும் கட்டளை. ஓட்டினேன், பச்சை, அதாவது சோதனை தேறியது. ஒப்படைத்தேன். இருவர் பார்த்து ஒப்புதல் தந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பஸ் சூளகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது தலைவர் அழைத்தார். புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து வாடிக்கையாளரின் மீட்டர் பலகையில் எண்களைத் திரைக்கு அனுப்பும் சுழற்சி நேரத்துக்கு முடிவதில்லையாம். "உங்கள் வகுத்தல் பகுதியாக இருக்கும், பாருங்கம்மா" என்றார். அதெல்லாம் சோதனையில் இருக்கிறது, பச்சையாகத்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னேன். நின்றுகொண்டு பயணம் செய்த பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் அழுத்தம் திருத்தமாகச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரவு பதினோரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். மாங்காய்ப் பருவம். கூழ் ஆலைக்குக் கிளிமூக்கு ஏற்றிப்போகும் லாரிகள் கீழே வரிசையாக முனகிக்கொண்டு நின்றன. முதலில் நிரலை ஓட்டினேன். விடை ஒவ்வொன்றும் சரி. கவனியுங்கள், உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: பெருக்கி எடுத்தாலும் வகுத்து எடுத்தாலும் ஈவு ஒன்றுதான். ஓட்டிப் பார்க்கும் சோதனையை ஆயிரம் முறை நடத்தினாலும் இந்தப் பிழை அதில் அகப்படாது. கடிகாரம் வைத்து அளக்கலாமே என்பீர்கள். எங்கள் சோதனைகள் ஓடியது சாதாரணக் கணினியில், சில்லைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்றின் மேல். அங்கே இரண்டு கட்டளைக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான்.

பிறகு சோதனையை ஓட்டினேன். பச்சை. அதன் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். சோதனைக்கு உள்ளாகும் அசெம்பிளியைத் தனிக் கோப்பில் இறக்கி, விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். லேபிள். அதன் கீழ் 10 என்ற எண்ணை ஒரு ரெஜிஸ்டரில், அதாவது சில்லுக்குள் எண்ணை வைக்கும் சிறு இடத்தில், ஏற்றும் வரி. அதற்கும் கீழே டிவ்யூ. என் சோதனையின் கண்ணெதிரே, ஃபங்ஷனின் இரண்டாவது கட்டளையாக. அதற்குப் பிறகு, இரண்டாவது எண்ணுக்கு மட்டும், மல்ஹெச்யூ. கடைசியில் ரெட்.

நடந்தது இது. செக்-நாட் கோப்பு முழுவதையும் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் பொருந்திய வரிக்கும், பின்னால் பொருந்தும் வரிக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே பார்க்கும். மல்ஹெச்யூவுக்குப் பின், ரெட்டுக்கு முன், டிவ் உண்டா என்பதுதான் நான் கேட்டிருந்த கேள்வி. இல்லை என்று அது உண்மையைச் சொன்னது. லேபிளுக்கும் மல்ஹெச்யூவுக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி நான் கேட்கவே இல்லை. இன்னொருவர் சேர்த்திருந்த ஒரு மாற்றம், முதல் வகுத்தலின் 10-ஐ முன்கூட்டியே ரெஜிஸ்டரில் போட்டுவிட்டது. அது மாறிலி என்பதே அடுத்த கட்டத்துக்குத் தெரியாமல் போய்விட்டது. அவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் மாற்றத்தைச் சேர்த்த அன்றே என் சோதனை சிவப்பாகி அவரைத் தடுத்திருக்க வேண்டும். அதற்காகத்தானே அது அங்கே இருந்தது?

சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு பால் சங்கத்துக்குப் போவேன். புதிய லாக்டோமீட்டர் வந்த அன்று அம்மா அங்கிருந்தவரிடம், "அண்ணா, முதலில் வெறும் தண்ணீரில் விட்டுக் காட்டுங்கள், அப்புறம் என் பாலில் விடுங்கள்" என்றார். தண்ணீரில் பூஜ்யம் காட்டாத கருவி பாலைப் பற்றி என்ன சொன்னாலும் அவர் ஏற்க மாட்டார். அன்று இரவு அது நினைவுக்கு வந்தது. என் சோதனையை நான் ஒரு முறைகூடத் தண்ணீரில் விட்டுப் பார்க்கவில்லை. வகுத்தலைப் பெருக்கலாக மாற்றும் பகுதியை அணைத்துவிட்டு ஓட்டியிருக்க வேண்டும். ஒரு வகுத்தலுக்கு மட்டும் அணைத்தும் ஓட்டியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அன்றிலிருந்து நான் எழுதும் எந்தச் சோதனையையும் முதலில் சிவப்பாகப் பார்க்காமல் ஒப்படைப்பதில்லை. மற்றவர் எழுதியதைச் சரிபார்க்கும்போதும் முதல் கேள்வி, "இது சிவப்பானதைப் பார்த்தீர்களா?" என்பதுதான். ஒரு கட்டளை எங்குமே வரக்கூடாது என்றால், தனித்தனி செக்-நாட் வரிகளை நம்பாமல், ஃபைல்செக்கை அழைக்கும்போதே 'இம்ப்ளிசிட்-செக்-நாட்' விருப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பொருந்திய வரிகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு இடைவெளியையும் அது காவல் காக்கும்.

வேறு சில குழிகளும் உண்டு. பேட்டர்ன் வரியின் ஒரு துண்டோடு பொருந்தினாலே போதும் என்பதால், 'எஸ்1' ரெஜிஸ்டரைத் தேடினால் 'எஸ்10', 'எஸ்11' வந்தாலும் பொருந்திவிடும். வரி முடிவையும் சேர்த்து எழுதுங்கள். 'மல்' வரக்கூடாது என்று எழுதிவிட்டு ஃபங்ஷனுக்கே அந்த எழுத்துகள் உள்ள பெயரை வைத்தால் சோதனை காரணமில்லாமல் விழும். 'நாட்' என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறினால் அந்த வரி வெறும் குறிப்பாகிவிடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. ரெஜிஸ்டர் பெயர்களை அப்படியே எழுதாமல், முதல் வரியில் பிடித்து வைத்த பெயரை அடுத்த வரியில் மாறியாகப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டில் யாரோ தும்மினாலும் உங்கள் சோதனை சாயும்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து, "எல்எல்விஎம்மில் செக் வரிகளைத் தானாக எழுதித் தரும் ஸ்கிரிப்ட் இருக்கிறதே, கையால் எழுதுவானேன்?" என்பார். தெரியும், தினமும் பயன்படுத்துகிறேன். அது முழு ஃபங்ஷனையும் செக்-நெக்ஸ்ட் வரிகளாக எழுதிவிடும் என்பதால் என் பிழை அதில் உடனே அகப்பட்டிருக்கும், உண்மைதான். ஆனால் நான் பார்த்த குழுக்களில், சோதனை சிவப்பானால் பலரும் காரணம் தேடுவதில்லை. ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, மாறிய நானூறு வரிகளைப் படிக்காமலே சேர்த்துவிடுகிறார்கள். கம்பைலர் நேற்று செய்ததன் படம் அது. அது சரியா தவறா என்று முடிவு செய்தவர் அங்கே யாருமில்லை. ஸ்கிரிப்டை வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசத்தைப் படிக்க நேரமும் ஒதுக்குங்கள். இதைச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்கிறார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று.

சோதனை எழுதுகிறவர்களை எழுத்தராகவும் ஆப்டிமைசேஷன் எழுதுகிறவர்களை அறிஞராகவும் நடத்தும் வழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. எது மாறலாம், எது மாறவே கூடாது என்று தெரிந்தவரால்தான் நல்ல செக் வரி எழுத முடியும். அதற்கு அந்த ஆப்டிமைசேஷனை எழுதியவருக்கு நிகரான அறிவு வேண்டும்.

        

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளை அலுவலகம் போனதும், உங்களிடம் கொடுத்திருக்கும் சோதனைகளில் செக்-நாட் உள்ள ஒன்றை எடுங்கள். அது காக்கும் ஆப்டிமைசேஷனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சிவப்பானால் அடுத்ததை எடுங்கள். பச்சையாகவே இருந்தால் கோப்பைத் திருத்துவதற்கு முன் அசெம்பிளியைத் தனியாக இறக்கி, லேபிளுக்கு அடுத்த வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.