பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: 1989 கணினி ஆட்டத்தை இன்றும் விளையாடலாமா, ரீமேக்கிலேயே தொடங்கலாமா?

பழையதிலேயே தொடங்குங்கள். “கீயை அழுத்தினால் இளவரசன் சோம்பேறித்தனமாக நகர்கிறான்” என்று கேள்வியிலேயே குறைபட்டிருக்கிறீர்கள். முதல் லெவலில் நாலைந்து தடவை கூர்முனைகளில் விழுந்த கடுப்பில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நகர்வைக் குறை என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து வரைந்தார். ஓடி வருகிற ஆள் சட்டென்று நிற்க மாட்டான், ரெண்டடி சறுக்கித்தான் நிற்பான். இளவரசனும் அப்படித்தான். அதனால் குதிப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது. மொத்த ஆட்டத்தையும் முடிக்க 60 நிமிடக் கெடு வேறு. இதே வரிசையில் 2003இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ இதை அப்படியே தலைகீழாக்கி, தவறினால் நேரத்தைப் பின்னால் சுழற்றிக்கொள்ள விட்டது. அது அருமையான ஆட்டம், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் விழுவோமோ என்ற பயம் அதில் பாதிதான்.

நான் இதை முதலில் விளையாடியது அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி இயங்குதளம்) காப்பியில். முதல் லெவல் முடிந்ததும் ஓர் அறை வரும், எழுத்துக்களுக்குக் கீழே வரிசையாகக் குப்பிகள் இருக்கும். காசு கொடுத்து வாங்கியவன்தானா என்று பார்க்க, ஆட்டத்தோடு வரும் கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல், அதன் முதல் எழுத்துக்குரிய குப்பியைக் குடி என்று கேட்கும். காப்பிக்கு ஏது கையேடு? குருட்டாம்போக்கில் குடிப்போம், விஷம். மறுபடி முதல் லெவல். அதையே திரும்பத் திரும்ப ஓடியதில் அந்தச் சறுக்கல் எங்கள் விரலில் ஏறிவிட்டது. (திருட்டுக் காப்பிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது வருவார்கள். சிறுவர்கள் நாங்கள், விடுங்கள்.)

நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் இளவரசனின் நிழல் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு ஓடும் பாருங்கள், அன்று இரவு நாங்கள் தூங்கவில்லை. ஆட்டம் முதலில் உருவான ஆப்பிள் 2 கணினியில் இன்னொரு எதிரியின் படங்களை வைக்க நினைவகம் போதாததால், இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றிக் காட்டிச் செய்த உருவம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

2007இல் ‘கிளாசிக்’ என்ற ரீமேக் வந்தபோது ஆசையாக உட்கார்ந்தேன். லெவல்கள் அதேதான், படங்கள் பளபளவென்று புதுசு. ஆனால் என் விரல் குதிக்கச் சொல்லும் இடம் ஒன்று, அவன் குதிக்கும் இடம் வேறு. பார்க்க அழகு, அவ்வளவுதான். 1993இன் இரண்டாம் பாகம் நல்ல தொடர்ச்சி, 75 நிமிடம். 1999இன் 3டி பாகத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மறுவெளியீடு என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேறொரு பழைய கேமின் புதுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். தனியாக ஆடும் கேம், அதற்கும் ஒவ்வொரு தடவையும் இணையம் வேண்டும் என்றது. பிறகு சர்வரை நிறுத்திவிட்டார்கள், கேமும் போச்சு. புகார் எழுதினால் “நீங்கள் வாங்கியது உரிமம் மட்டுமே” என்று பதில். விஷக் குப்பியாவது கையேட்டைக் கையில் வைத்திருந்தவனை என்றைக்கும் உள்ளே விட்டது.

சரி, உங்கள் விஷயம். டாஸ் பதிப்பைப் பிரித்து ஆராய்ந்து ரசிகர்கள் உருவாக்கிய எஸ்டிஎல்பாப் இன்றைய கணினியில் ஓடும், அசைவும் பழையபடியே இருக்கும். எஃப்6 அழுத்தினால் சேமிக்கும், எஃப்9 அழுத்தினால் அங்கிருந்தே தொடரலாம். அது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். முதல் மூன்று லெவல் வரைக்குமாவது அந்தக் கீகளைத் தொடாமல் ஆடிப் பாருங்கள்.