அந்தப் பக்கம் முதலில், இந்தப் பக்கம் அப்புறம்: ஃபாரின் டேபிள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் சேலம் வட்டாரம்தான், எல்லாம் ஃபாரின் டேபிள் பற்றித்தான். தரவு வேறொரு சர்வரில் இருக்க, அதை இங்கே இருக்கும் டேபிள் மாதிரியே பார்க்க வைக்கும் வசதி அது. பாதிப் பேர் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) வெர்ஷன் எழுதவில்லை. வெர்ஷன் சொல்லாமல் கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் டாக்டரிடம் மாத்திரை கேட்பது மாதிரி.

மலைமேல் தோட்டத்தில் மழை, ஈரப்பத அளவுகள் ஒரு சர்வரில் சேர்கின்றன. சேலம் ஆபீசில் அதையே ஃபாரின் டேபிளாக வைத்திருக்கிறோம். சுமார் 4 கோடி வரிசை. புள்ளிவிவரம் எடுக்க அனலைஸ் கொடுத்தால் லைன் மொத்தமும் அடைத்துக்கொள்கிறது. (ஏற்காடு)

வெர்ஷன் எழுதவில்லை, சேலத்தில் 15 அல்லது அதற்கும் பழையது என்று வைத்துக்கொள்கிறேன். 15 வரை, அனலைஸ் என்றால் 4 கோடியையும் கீழே இழுத்து வந்து, அதில் 30,000 வரிசையைப் பொறுக்கிக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு கைப்பிடி கொட்டையைப் பார்ப்பதற்காக, தோட்டத்துக் காப்பி மூட்டை அத்தனையையும் 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவந்த கதை. 2023இல் வந்த 16இலிருந்து பொறுக்கும் வேலையை மலைமேலேயே முடித்துவிடலாம். அப்கிரேடு செய்ய வேண்டியது சேலத்துச் சர்வரைத்தான், மேலே 9.5 இருந்தாலே, டேபிளில் ஒரு பங்கை மட்டும் பொறுக்கும் டேபிள்சாம்பிள் கிடைக்கும். அதுவரை ஃபெட்ச் சைஸை, அதாவது ஒரு தடவைக்கு எடுத்துவரும் வரிசை எண்ணிக்கையை, 100இலிருந்து சில ஆயிரத்துக்கு ஏற்றிவிட்டு, அனலைஸை ராத்திரியில் ஓட்டுங்கள்.

16 போட்ட பிறகும் முழு டேபிளும்தான் வருகிறது. உங்கள் பேச்சை நம்பி அப்கிரேடு செய்தேன். (ஓமலூர்)

என் பேச்சில் பாதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கச் சர்வரில் அந்த டேபிளுக்கு அனலைஸ் ஓடியே இருக்காது. மொத்தம் இத்தனை வரிசை என்று அங்கே பதிவாகியிருந்தால்தான், அதில் எத்தனை சதவீதம் எடுப்பது என்று இங்கே கணக்குப் போட முடியும். எண்ணிக்கை -1, அதாவது தெரியாது, என்று வந்தால் சாம்பிளிங்கைக் கைவிட்டு முழுவதையும் இழுக்கும். அந்தப் பக்கம் முதலில், இந்தப் பக்கம் அப்புறம். அங்கே இருப்பது பல துண்டாகப் பிரித்த பார்ட்டிஷன் டேபிள் என்றால், தாய் டேபிளுக்கு ஆட்டோவேக்கூம் (தானாக ஓடும் பராமரிப்பு வேலை) அனலைஸ் செய்யாது, கையால் கொடுங்கள்.

சாம்பிள் பொறுக்கும் முறை சிஸ்டமா, பெர்னூலியா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே சார்? (லீ பஜார்)

ஒரே அரிசி, ஒரே கொதி என்றால் பதம்தான். மண்டி வைத்திருக்கும் உங்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்? சிஸ்டம் என்பது நாலு மூட்டையை எடுத்து அப்படியே கொட்டிப் பார்ப்பது. பெர்னூலி என்பது எல்லா மூட்டையிலும் குத்தூசி போடுவது. சிஸ்டம் வேகமானது. ஆனால் உங்கள் பில்கள் தேதி வரிசையில் அடுக்கியிருக்கும். ஒரு பிளாக்கை, அதாவது ஒரு மூட்டையை, எடுத்தால் ஒரே நாள், அதே நாலு பார்ட்டி. பெர்னூலி அங்கே முழு டேபிளையும் படிக்கும், டிஸ்க் முனகும். லைனில் வருவது கொஞ்சம்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டால், 'ஆட்டோ' என்ற அமைப்பு பெர்னூலியைத்தான் எடுக்கும். விட்டுவிடுங்கள்.

ஆட்டோவேக்கூம் ஆனில் இருக்கிறதே, தனியாக எதற்கு அனலைஸ்? (செவ்வாய்ப்பேட்டை)

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிக் கை தேய்ந்துவிட்டது. ஆட்டோவேக்கூம் ஃபாரின் டேபிளைத் தொடாது. தொடவே தொடாது. அது மட்டுமா, டேபிள் பெயர் சொல்லாமல் வெறுமனே அனலைஸ் என்று கொடுத்தாலும் ஃபாரின் டேபிள்களைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடாவிட்டால் என்ன ஆகும்? குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானர், டேபிள் டிஸ்கில் வெறும் 10 பேஜ் என்று வைத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட ஆயிரம் சொச்சம் வரிசை. கொலுசுப் பட்டறைகளின் கணக்கைப் பார்க்கும் ஓர் இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் தட்டிய ரிப்போர்ட் மறுநாள் காலை டிபன் வரை முடியவில்லை. ராம் வாங்கியிருந்தார்கள், டிஸ்க் மாற்றியிருந்தார்கள். பிளானர் எடுத்த வழியைக் காட்டும் எக்ஸ்பிளைனை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தால், 1,200 வரிசை வரும் என்று நம்பி நெஸ்டட் லூப் போட்டிருக்கிறது. வந்ததோ 60 லட்சம். வரிசைக்கு ஒரு தடவை இங்கிருக்கும் இண்டெக்ஸைப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் முதலில், இந்தப் பக்கம் அப்புறம், இரண்டு அனலைஸ். மொத்தமாகச் சேர்க்கும் ஹாஷ் ஜாயினுக்கு மாறி நாலைந்து நிமிடத்தில் முடிந்தது. வாங்கிய ராம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நேரம் வைத்து வேலை ஓட்டும் கிரானில் ராத்திரிக்கு ஒரு வரி எழுதிவையுங்கள். அதற்குக் காசு கிடையாது.

சார் குவெரி ரொம்ப ஸ்லோ, அர்ஜென்ட். (ஊர் எழுதவில்லை)

வெர்ஷன்? எக்ஸ்பிளைன்? ஊர்கூட வேண்டாம், இந்த இரண்டையும் அனுப்புங்கள்.

யூஸ் ரிமோட் எஸ்டிமேட் ஆன் செய்தால் அனலைஸ் தொல்லை விட்டதா? (அஸ்தம்பட்டி)

இல்லை. ஒவ்வொரு பிளானுக்கும் அந்தப் பக்கம் போய் எக்ஸ்பிளைன் கேட்டு வரும். அங்கே புள்ளிவிவரம் பழசு என்றால் பதிலும் பழசு. பெரிய ஜாயின்களுக்குச் சரி. நொடிக்கு நூறு ஓடும் சின்ன குவெரிக்கு வேண்டாம்.

ஜவ்வரிசி லாட் எண் 2 லட்சம் வகை இருக்கிறது. பிளானர் 40,000 என்கிறது. (ஆத்தூர்)

30,000 வரிசையைப் பார்த்து மொத்த வகையை ஊகிப்பது எப்போதுமே ஆட்டம் காணும் இடம். அந்தக் காலத்துக்கு மட்டும், அதாவது காலம் என்றால் டேபிளின் காலம் (நெடுவரிசை), ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டார்கெட்டை 500 ஆக்கினால் 1.5 லட்சம் வரிசை எடுக்கும். அப்படியும் சரிவராவிட்டால் அதே காலத்துக்கு என்-டிஸ்டிங்க்டை, அதாவது வகை எண்ணிக்கையை, கையால் 2 லட்சம் என்று எழுதுங்கள். எழுதியபின் மறுபடி அனலைஸ் கொடுத்தால்தான் அது ஏறும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அந்தப் பக்கம் ஆரக்கிள் டேட்டாபேஸ். அனலைஸுக்கு என்ன வழி? (மேட்டூர்)

ஆரக்கிளை ஃபாரின் டேபிளாக இணைக்கும் ஆரக்கிள் எஃப்டிடபிள்யூவில் சாம்பிள் பெர்சென்ட் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. சும்மா விட்டால் 100, அதாவது முழு டேபிளும். 5 போட்டுப் பாருங்கள்.