சொந்தமாகக் கட்டும் ரைபிளுக்கு ஹேண்ட்கார்டு எத்தனை அங்குலம்? முனையில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கா, தீச்சுடரை மறைக்கும் பிளாஷ் ஹைடரா?

கேள்வி கேட்ட தம்பி எங்கே இருக்கிறார் என்று சொல்லவில்லை. ஏஆர்-15 ரைபிள், 16 அங்குலப் பேரல் (குழல்), அதற்கு 15 அங்குல ஹேண்ட்கார்டு (பேரலைச் சுற்றிக் கை பிடிக்கும் உறை), உதைப்பைக் குறைக்க மசில் பிரேக் என்று கேட்டிருப்பதால் அமெரிக்காவில்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். வேலூரிலோ ஆம்பூரிலோ உட்கார்ந்துகொண்டு கேட்டிருந்தால் பதில் ஒரே வார்த்தைதான்: வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, மாற்றி அமைப்பதும் பழுது பார்ப்பதும்கூடக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகும். ராணிப்பேட்டையில் லேத் வைத்திருக்கிற நண்பர் யாரையும் இதில் இழுத்துவிடாதீர்கள், பாவம்.

துப்பாக்கிக் கலாச்சாரத்தை வளர்க்கிறேன் என்று என்மேல் பாய வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நான் ராணுவத்தில், தளவாடங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக (துப்பாக்கி பழுது பார்ப்பவனாக) இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் சுட்டுவிட்டுத் திருப்பித் தந்ததைப் பிரித்து, துடைத்து, சரி பார்த்துக் கொடுத்தே என் காலம் போயிற்று. இந்தச் சாமான்களின் மேல் எனக்கு மோகம் கிடையாது, பழக்கம் உண்டு.

இதே கேள்வியை என் மாப்பிள்ளையும் கேட்டார். கேட்டார் என்று சொல்வதைவிட, எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவிட்டு என் வாயிலிருந்து பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார் என்பதே சரி. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் டெக்சாஸ் போயிருந்த சமயம். வெயிலைப் பார்த்ததும் வேலூரை விட்டு வந்த நினைப்பே இல்லை. ஒரு சனிக்கிழமை என்னைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். அவருக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, சிக்கல் இல்லை. எனக்கோ சுற்றுலா விசா. வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராது. எச்-1பி விசாக்காரருக்கும் இதே விதிதான். தம்பி, முதலில் உங்கள் விசா எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஆயுள் முழுவதும் துப்பாக்கியோடு புழங்கியவன், காதில் மூடியை மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

தகரக் கூரை போட்ட இடம். மேசைக்கு மேசை பலகைத் தடுப்பு. மாப்பிள்ளை முதல் தோட்டாவைச் சுட்டதுமே அடுத்த மேசையில் அடுக்கியிருந்த இலக்குத் தாள்கள் பறந்தன. அங்கிருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தாள்களைப் பொறுக்கிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டார். "மாமா, துளிகூட உதைக்கவில்லை, பார்த்தீர்களா?" என்கிறார் இவர்.

எப்படி உதைக்கும்? ஏஆர்-15 சுடும் 5.56 மி.மீ. தோட்டாவுக்கு உதைப்பே சொற்பம். நம் பட்டாளத்தின் பழைய எஸ்.எல்.ஆர். ரைபிளின் 7.62 மி.மீ. தோட்டாவைத் தோளில் வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மசில் பிரேக் செய்வது இவ்வளவுதான்: முன்னால் போக வேண்டிய வாயுவைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலும் திருப்பி விடுகிறது. உங்கள் தோள் தப்பிக்கும், பக்கத்தில் இருப்பவர் காது மாட்டும். 140 டெசிபலைத் தாண்டிய ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடச் செவியைக் கெடுக்கலாம் என்பார்கள். ரைபிள் சத்தம் பிரேக் இல்லாமலேயே அதைத் தாண்டிவிடும். கூரைக்கு அடியில் கேட்கவே வேண்டாம். போட்டிகளில் வேகமாக அடுத்தடுத்துச் சுடுகிறவருக்கும் பெரிய தோட்டாக்காரருக்கும் பிரேக் தேவை, அதை மறுக்கவில்லை.

அடுத்தது ஹேண்ட்கார்டு. பேரல் நீளத்தை உள்ளே தோட்டா உட்காரும் இடத்திலிருந்து அளப்பார்கள், ஹேண்ட்கார்டோ ரிசீவருக்கு (துப்பாக்கியின் நடு உடலுக்கு) முன்னால்தான் தொடங்குகிறது. அதனால் 16 அங்குலப் பேரலுக்கு 15 அங்குலம் போட்டால் முனைச் சாமானைத் திருகும் மரை இருக்கும் இடம்வரை கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். பிரேக்கின் பின்துளைகள் ஹேண்ட்கார்டின் உதட்டை ஒட்டி நிற்கும். மாப்பிள்ளையின் ரைபிளில் அந்த உதடு முழுக்கக் கரி. இவர் படங்களில் பார்த்ததுபோல் இடது கையை விறைப்பாக நீட்டி அந்த ஓரத்தையே பிடித்தார். இரண்டாவது மேகசின் முடிவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊர் உடல்வாகுக்கு அவ்வளவு தூரம் கை போக வேண்டிய அவசியமே இல்லை.

தம்பி, முதலில் கேஸ் பிளாக் (பேரலிலிருந்து வாயுவைப் பின்னால் திருப்பி அனுப்பும் கட்டை) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுத்தர நீளமுள்ள மிட்-லெங்த் கேஸ் அமைப்பு என்றால் சுமார் 10 அங்குலத்தில் வரும். அதை மூடி, உங்கள் கை இயல்பாக நிற்கிற இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் போதும். 13 அங்குலம் தாராளம். முன்பாரமும் குறையும், முனைச் சாமானைக் கழற்ற ஸ்பானருக்கும் இடம் கிடைக்கும். பேரலைத் தொடாத ப்ரீ-ப்ளோட் வகையாக வாங்குங்கள். தோள்வாரை இழுத்துப் பிடித்தாலும் முட்டுக்கொடுத்தாலும் பேரல் வளையாது, குறி நகராது. நீளத்தைவிட இதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், பெட்டியில் சும்மா கிடந்த ஏ2 வகை பிளாஷ் ஹைடரை எடுத்துக் காட்டினேன். தனியாக இருக்கும்போது அது துப்பாக்கி அல்லவே. கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு இரும்புக் கூண்டு. மேலேயும் பக்கவாட்டிலும் பிளவுகள், அடிப்பக்கம் மட்டும் மூடியிருக்கும். குப்புறப் படுத்துச் சுடும்போது வாயு கீழே அடித்துப் புழுதி கிளப்பக் கூடாது என்பதற்காக அப்படி. மேலே வாயு போவதால் முனை எழும்புவதும் கொஞ்சம் அடங்கும். ரஷ்ய ஏ.கே.எம். ரைபிளின் முனையைச் சாய்த்து வெட்டியிருப்பதும் ஏறக்குறைய இதே வேலைக்குத்தான். விலையும் அற்பம்.

நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளையே மாற்றினார். இரண்டு எச்சரிக்கை. ரிசீவரை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) இறுக்கிக்கொண்டு முனையைத் திருகாதீர்கள். பேரலின் முள் உட்காரும் அலுமினியப் பள்ளம் பிய்ந்துவிடும். பேரலைத்தான் பிடிக்க வேண்டும். முனைச் சாமானுக்குப் பின்னால் இடையில் போடும் கிரஷ் வாஷர் ஒருமுறை நசுங்கினால் அதை மறுபடி போடாதீர்கள். கலிபோர்னியாவில் இருந்தால் மட்டும் கதை தலைகீழ். கழற்றக்கூடிய மேகசின் உள்ள இவ்வகை ரைபிளில் பிளாஷ் ஹைடர் அங்கே தடை, பிரேக் பரவாயில்லை.

இவ்வளவு எழுதியது ஏன் என்றால், இந்த வேலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கிராமம் அது. சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்காரனைப் பார்க்காத வீடு கிடையாது. ஆனாலும் கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் என்னைக் கண்டதும் கேட்பது, "மாமா, கேன்டீன் கார்டில் இந்த மாதம் கோட்டா மிச்சம் இருக்கிறதா?" என்பதுதான். நான் குடிப்பதில்லை என்பது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. எந்தப் பிரிவில் இருந்தேன், என்ன செய்தேன் என்று ஒருவர் கேட்டதில்லை. ஆர்மரர் என்றால், "ஓ, மெக்கானிக்கா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு இலைபோட்ட பக்கம் போய்விடுகிறார்கள். சரி, விடுங்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு ஆசைப்படுகிறவர்களுக்கு ஏர் ரைபிள் இருக்கிறது. 4.5 மி.மீ. துளை, 20 ஜூல் ஆற்றலுக்கு மேல் போகாதவரை 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். 10 மீட்டர் போட்டிக்கு என்றால் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது, பின்முனையிலிருந்து குழல் முனைவரை 850 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அங்கே பிரேக்கும், முனை எழும்புவதை அடக்கும் காம்பன்சேட்டரும் அறவே கிடையாது. முன்பாரம் வேண்டுமென்றால் குழலில் மாட்டும் எடைகள் கிடைக்கும். வாங்குவதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒருமுறை பிடித்துக் காட்டிவிடுங்கள்.