ஜாக்-அப் மேடையில் கடல்நீர் ஏற்றிக் காத்திருப்பது ஏன்?

வணக்கம். ஜாக்-அப் மேடை (கடலில் துளையிடுவது போன்ற வேலைகளுக்காக, கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்கும் மேடை) கால் ஊன்றி நீரைவிட்டு எழுந்த பிறகும் மேலே உயர்த்தாமல், தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிப் பல மணி நேரம் காத்திருந்தது வீண் தாமதமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த வேலையிலேயே மிக முக்கியமான கட்டம் அதுதான்.

மிதந்து வரும் மேடை, பற்சக்கரங்களால் கால்களைக் கடலடிக்கு இறக்கி, பிறகு அவற்றின் மீதே ஏறி நிற்கிறது. புயலில் காற்றும் அலையும் பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு பக்கக் காலில் சுமை பெருமளவு கூடும். அதை மண் தாங்குமா என்று, தொட்டிகளில் நிரப்பிய கடல்நீரின் எடையைக் கால்கள் மீது ஏற்றி, அமைதியான வானிலையிலேயே சோதித்துவிடுகிறார்கள். கால் புதைவது நின்ற பிறகுதான் நீரை வெளியேற்றி, அலை எட்டாத உயரத்துக்கு மேடையைத் தூக்குவார்கள்.

கெட்டியான மணல் அடுக்குக்குக் கீழே இளகிய களிமண் இருந்தால்தான் பெரிய ஆபத்து. மணல் உடைந்து கால் சட்டென்று சில மீட்டர் இறங்கிவிடும். கால் வளையும், மேடை சாயும். நீர்மட்டத்தை ஒட்டியே நின்றால், சாயும் மேடையைக் கடல் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

காற்றாலை நிறுவும் நான்கு கால் மேடைகளில் இந்த நீர் தேவைப்படாமல் போகலாம். எதிரெதிர் மூலைக் கால்களில் எடையை மாற்றி மாற்றி ஏற்றியே சோதித்துவிடலாம். அடுத்த இடத்துக்குப் போகும்முன் மண் ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கால் எவ்வளவு புதையும் என்ற கணிப்பு அதில் இருக்கும்.